ஹெச்.பி.வி. 16 என்று அறிக்கை வந்த பிறகு

ஆய்வகம் அனுப்பிய அறிக்கையில் "ஹெச்.பி.வி. 16: பாசிட்டிவ்" என்ற வரியைத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். ஹெச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், 16 அதன் ஒரு வகை. எனக்கும் அந்த அறிக்கை வாட்ஸ்அப்பில்தான் வந்தது. தடித்த எழுத்தில் முடிவு, கீழே "மருத்துவரை அணுகவும்" என்ற குறிப்பு, வேறு விளக்கம் எதுவும் இல்லை. நாற்பதைத் தாண்டிய எனக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. முப்பது வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை என்று மகப்பேறு மருத்துவர் சொன்னதால்தான் மாதிரி கொடுத்தேன்.

இணையத்தில் தேடியதும் "கருப்பை வாய்ப் புற்றுநோய்" என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்குமேல் எதுவும் மனத்தில் ஏறவில்லை.

மருத்துவரிடம் கணவருடன் போனேன். எங்கள் இருவர் மனத்திலும் இருந்த கேள்வியை அவர்தான் கேட்டார்: "டாக்டர், இது எங்கிருந்து வந்திருக்கும்?" மருத்துவர் தயங்காமல் பதில் சொன்னார். "அதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்கிறது. வந்தது தெரியாமலேயே போய்விடும். சிலருக்குப் பல வருடங்கள் ஓசையில்லாமல் தங்கியிருக்கும். இருபது வருடம் முன்பு வந்ததா, போன வருடம் வந்ததா என்று நீங்கள் இருவரும் விசாரணை நடத்த வேண்டாம்." அந்த ஒரு பதில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். இந்த அறிக்கையை வைத்து மனைவியின் நடத்தையையோ கணவனின் நடத்தையையோ அளக்கும் வீடுகள் உண்டு. அது அநியாயம்.

இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றில் பதினான்கு வகைகள்தான் புற்றுநோய் அபாயம் அதிகம் உள்ளவை. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அப்படியும், தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் தங்கினாலும் அது புற்றுநோயாக மாற வழக்கமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். எனக்குத் தெம்பு கொடுத்தது இந்த இடைவெளிதான்.

அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருந்த இடைப்பட்ட நாட்களில், இந்த வைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது என்று படித்தேன். கருப்பை வாயின் வெளிப்பரப்பு அடுக்கடுக்கான தட்டைச் செல்களால் ஆனது. புதுச் செல்கள் அடியடுக்கில் பிறந்து, மெல்ல மேலேறி, கடைசியில் உதிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக வைரஸ் அந்த அடியடுக்கை எட்டுகிறது. அதன் மரபணு மிகச் சிறியது, ஏறத்தாழ 8,000 எழுத்துகள். தன்னைப் படியெடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் கிடையாது. பிரிந்துகொண்டிருக்கும் செல்லிடம்தான் அவை உண்டு. ஆனால் மேலேறும் செல்லோ பிரிவதை நிறுத்திவிடும். அதை நிறுத்தவிடாமல் செய்ய வைரஸிடம் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் இருக்கின்றன. செல் பிரிவுக்குப் பிரேக் போடும் ஆர்பி என்ற புரதத்தை இ7 செயலிழக்க வைக்கிறது. ஏதோ தவறு நடக்கிறது என்று உணர்ந்து செல்லைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய பி53 புரதத்தை இ6 அழிக்க வைக்கிறது.

இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று உண்டு. புற்றுநோயால் இந்த வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை. அதற்குத் தேவை தன் நகல்கள் மட்டுமே. அவை உதிரும் செல்களோடு வெளியேறிவிடுகின்றன. ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லைக் கொன்று வீக்கம் உண்டாக்குவதுமில்லை. அதனால்தான் நோய் எதிர்ப்பு மண்டலம் தாமதமாக விழித்துக்கொள்கிறது, எனக்கும் ஒரு வலிகூடத் தெரியவில்லை. சிலரிடம் மட்டும் வைரஸின் மரபணு உடைந்து நம் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்கிறது. அப்படி உடையும்போது இ6, இ7 இரண்டையும் கட்டுக்குள் வைத்திருந்த இ2 மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடும். பிறகு கட்டுப்பாடில்லாத பிரிவு, பிழைமேல் பிழை. இந்த வைரஸுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 16-ஆம் வகையை அவர் குழு 1983-இல் அடையாளம் கண்டது.

கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி பரிசோதனை நாளில் இந்தப் படிப்பு கைகொடுத்தது. கருவியால் விரித்துவைத்து, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் தடவினார்கள். லேசான எரிச்சல், அவ்வளவுதான். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்புப் பரப்பில் ஓரம் தெளிவான வெள்ளைத் திட்டு எழும்பியது. உட்கருவும் புரதமும் அடர்ந்த அசாதாரணச் செல்கள்தான் அப்படி வெளுக்கும். அங்கிருந்து சிறு துணுக்கு எடுத்தபோது சுரீர் என்று ஒரு கிள்ளல், பிறகு மாதவிலக்கு நாளின் வலி. ஒரு நாப்கின் கொண்டுபோங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

அந்தத் துணுக்கைச் சோதித்த பயாப்ஸி முடிவு சி.ஐ.என். 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய தீவிர நிலை. பரப்பின் ஏறக்குறைய முழுத் தடிமனும் மாறியிருக்கிறது, ஆனால் அடியில் இருக்கும் சவ்வைத் தாண்டவில்லை. தாண்டினால்தான் புற்றுநோய்.

அத்தை சொன்னார்: "பிள்ளை பெற்றாகிவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதுதானே?" அக்கம்பக்கத்தில் பலரும் அதையே சொன்னார்கள். இன்னொரு பக்கம், வலியே இல்லையே, காத்திருந்து பார்க்கலாமே என்றார் ஒரு உறவினர். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை நியூசிலாந்தில் இருக்கிறது, கொடுமையான விலை கொடுத்துக் கிடைத்த விடை. ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1960-களிலும் 70-களிலும் இதே நிலையில் இருந்த பெண்கள் பலருக்குச் சொல்லாமலேயே சிகிச்சையை நிறுத்திவைத்துக் கவனித்தார்கள். 2008-இல் வெளியான மறு ஆய்வின்படி, போதிய சிகிச்சை பெறாதவர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பெண்களை நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். காத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் நோயுற்ற பகுதியை மட்டும் சீவி எடுக்கும் லீப் என்ற சிகிச்சை போதுமானது. மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசிதான் வலித்தது. சீக்கிரமே முடிந்து, அன்றே வீடு திரும்பினேன். சில வாரங்களுக்குப் பழுப்பு நிறக் கசிவு இருந்தது. தாம்பத்தியம், பளு தூக்குதல் இரண்டும் கூடாது என்றார்கள். எடுத்த திசுவின் அறிக்கை வரும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: வெட்டிய விளிம்பில் நோய்ச் செல்கள் இருக்கின்றனவா? என் அறிக்கையில் விளிம்பு சுத்தமாக இருந்தது. ஆறு மாதம் கழித்துச் செய்த ஹெச்.பி.வி. பரிசோதனையும் நெகட்டிவ். ஆனாலும் தொடர் பரிசோதனை பல ஆண்டுகளுக்கு உண்டு.

இதற்கெல்லாம் பெரிய நகரமும் பெரும் செலவும் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதே அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தே ஆயிரக்கணக்கான பெண்களைப் பரிசோதித்தார்கள். அந்த ஆய்வில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் வெளியான அதன் முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். அண்ணியை நானே அழைத்துப் போனேன். வெட்கப்பட்டார், போகும் வழியெல்லாம் வேண்டாம் என்றார். செவிலியர் திரையை இழுத்துவிட்டு, "அக்கா, மூச்சை நிதானமாக விடுங்கள்" என்று பேச்சுக் கொடுத்தபடியே முடித்துவிட்டார்.

மகளுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. அதில் இருப்பது வைரஸின் வெற்று மேலுறை மட்டும், மரபணு கிடையாது. அதனால் அந்த ஊசியால் தொற்று வர வாய்ப்பே இல்லை. ஏற்கெனவே வந்த தொற்றை அது குணப்படுத்தாது, ஆகவே 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது. அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், முப்பது வயதில் அவளும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் அந்த வருடத்தைக் குறித்துவைத்திருக்கிறேன்.