மண் இல்லாத ஓர்க்கிட்

திருகோணமலை உவர்மலையில் பின்னேரம் காற்று எழும்பினால் என் மேசையில் கடதாசி நிற்காது. நாலு மூலையிலும் கடற்கரையில் பொறுக்கின கல்லை வைத்துத்தான் கீறுகிறேன். மூன்று மாதமாகச் சீன மை ஓவியம் பழகுகிறேன். மூன்று மாதமும் ஒரே செடிதான்.

சீனாவில் நான்கு செடிகளுக்குச் சான்றோர் பட்டம் உண்டு: பிளம், ஓர்க்கிட், மூங்கில், செவ்வந்தி. பிளம் பனிக்குள் பூக்கும், செவ்வந்தி மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகு பூக்கும், அதனால் அந்த மரியாதை. (பனிக்குள் பூப்பதை நான் எங்கே காண? எங்களுக்குத் தெரிந்தது மாரியும் வாடைக்காற்றும்.) மூங்கில் கெட்டிக்காரச் செடி. சீனத்தில் கணுவுக்கும் நெறி தவறாமைக்கும் ஒரே சொல், 'ஜியே'. உள்ளே வெறுமையாக இருப்பதால் அடக்கமும் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நான் மாட்டிக்கொண்டது ஓர்க்கிட்டில். கலியாண மண்டபத்தில் மேடைக்குக் குத்துகிற ஊதாப் பூவை நினைக்காதீர்கள். இது புல்லுப் போல ஒடுங்கின இலை, சின்னப் பூ. ஆளில்லாத பள்ளத்தாக்கிலும் மணக்கும் என்பதுதான் இதன் பெருமை. முதல் இலையை அடியிலிருந்து ஒரே இழுவையில் இழுக்க வேண்டும், நடுவில் தூரிகையை அழுத்தி, நுனியில் தூக்கி. இரண்டாவது இலை அதைக் குறுக்கே வெட்டிப்போனால் இடையில் ஒரு கண் விழும். பீனிக்ஸ் கண் என்கிறார்கள். மூன்றாவது இலை அந்தக் கண்ணுக்குள்ளால் போகவேண்டும். எனக்கு அதில்தான் கை நடுங்கும். மை ஊறிவிட்டால் அழிக்க வழியில்லை, கடதாசியைக் கசக்கி எறிய வேண்டியதுதான்.

நேற்று பார்த்துக் கீறினது ஜெங் ஸிஷியாவ் என்ற சீன ஓவியர் 1306இல் வரைந்த ஓர்க்கிட். மூலப்படம் இப்போது ஜப்பானில், ஒசாக்காவில் இருக்கிறது. சில இலை, சின்னப் பூ, அவ்வளவுதான். கீழே நிலமே இல்லை. 1279இல் மங்கோலியரிடம் சீனாவின் சொங் அரசு விழுந்த பிறகு, அந்தப் பழைய அரசின் நினைவாகத் தெற்குப் பார்த்தே இருப்பாராம் மனுசன். ஏன் மண் கீறவில்லை என்று கேட்டவர்களிடம், மண்ணைத்தான் அந்நியர் கொண்டுபோய்விட்டார்களே, உங்களுக்குத் தெரியாதா என்றாராம்.

அம்மா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, புல்லுக் கீறுறாய்? மண் எங்க?"

கதையைச் சொன்னேன். அம்மாவுக்கு இந்த மாதிரிக் கதைகளை நான் விளக்கத் தேவையில்லை. 2006இல் சண்டைக்குள் எங்கள் ஊர் சம்பூரை விட்டு வெளிக்கிட்ட சனம் நாங்கள். காணிக்குள் திரும்பக் கால் வைக்கப் பத்து வருசம் போனது. இடையில் கிளிவெட்டி முகாமில், தரப்பாள் கொட்டில் வாசலில், ஆரோ முறித்துக் கொடுத்த செவ்வரத்தைத் தடியைப் பால்மா டின்னில் நட்டு வைத்திருந்தா. டின் கறள் பிடித்து அடி ஓட்டையாகும், அம்மா வேறு டின் தேடுவா. மூன்றாவது டின்னில் பூத்தது.

கடதாசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஒரு டின் மண்ணுக்கும் வழியில்லாமப் போச்சோ அந்த மனுசனுக்கு?"

அடுப்பில் சூடை மீன் தீய்கிற மணம் வர, உள்ளே ஓடிவிட்டா.