துடுப்பு பிடித்த கை

வர்ஜீனியாவின் மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டனின் மாவு மில்லையும் விஸ்கி வடிசாலையையும் பழையபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மில் 1930களில் எழுந்தது, வடிசாலை 2007-இல் திறந்தது. வார இறுதிகளில் லினன் சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு வேலையைச் செய்து காட்டிக்கொண்டே விளக்குவது என் பணி.

மில்லுக்குள் நின்றால் பொழுது போவதே தெரியாது. மதகைத் திறந்ததும் மரச்சக்கரம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கும், கட்டடமே அதிரும். 1791-இல் இங்கே பொருத்தப்பட்டது அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலிவர் எவான்ஸின் எந்திர அமைப்பு. வாரில் கோத்த குட்டி வாளிகள் மாவைத் தாமாகவே மேல்மாடிக்கு ஏற்றும். அங்கே சுழலும் பரம்பு ஒன்று அதைப் பரப்பிச் சூடு ஆற்றும். முன்பு அதைச் செய்தது ஒரு பையன், அதனால் கருவிக்கும் 'ஹாப்பர் பையன்' என்றே பெயர். தேய்ந்த கல்லில் வரி கொத்துவதை முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் தெருவில் அம்மி கொத்த வருகிறவரின் குரல் ஞாபகம் வந்தது.

வடிசாலை வேலைதான் முதுகை ஒடிக்கும். 100-க்கு 60 பங்கு ரை என்கிற தானியம், 35 மக்காச்சோளம், 5 முளைகட்டிய பார்லி. கொதிநீரை வாளி வாளியாகத் தூக்கித் தொட்டியில் ஊற்றி, ஊறல் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். பார்லி கடைசியில்தான். சூடு மிஞ்சினால் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் அதன் திறன் போய்விடும். வடித்து வருவது தண்ணீர் நிறத்தில் இருக்கும். பீப்பாயில் வைத்துப் பழக்குவதெல்லாம் அன்று கிடையாது. நம் ஊர்க்காரர் பார்த்தால் சாராயம் என்றுதான் சொல்வார்.

ஸ்காட்லாந்துக்காரரான பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் யோசனைப்படி 1797-இல் தொடங்கிய தொழில் இது. 1799-இல் வடிப்பதற்கான 5 செப்பு வாலைகளில் சுமார் 11,000 கேலன் வடித்தார்கள். ஆரம்பத்தில் நான் 'இங்கே வேலை பார்த்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான்: "அவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?"

தொண்டை அடைத்தது. எண்களையெல்லாம் ஒப்பித்தவன், அதை மட்டும் பூசி மெழுகியிருக்கிறேன். அவர்கள் அடிமைகள், சம்பளக்காரர்கள் அல்ல என்றேன். ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமோத்தி என்று ஆறு பெயர்களையும் சொன்னேன்.

அடுத்த கேள்வி: "அப்ப நீங்க அதுல யாரு?"

யாருமில்லை என்றேன். அவர்கள் செய்த வேலையை என்னால் செய்துகாட்ட முடியும். ஆனால் 'நான் பீட்டர்' என்று பேச எனக்கு வாய் வராது. ஐந்து மணிக்கு உடுப்பை மாற்றிக்கொண்டு காரில் ஏறுகிறவன் நான். அன்றிலிருந்து விளக்கத்தை அந்த ஆறு பெயர்களில்தான் ஆரம்பிக்கிறேன். சிலர் முகம் மாறும், சிலர் மெல்ல மில் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

பையன் துடுப்பைக் கேட்டான், கொடுத்தேன். நாலு சுற்று கிண்டியதும், "கனக்குது" என்று திருப்பி நீட்டினான். ஊறல் கட்டி தட்டுவதற்குள் வாங்கிக் கிண்டினேன்.