ஏற்போர் 'ஆம்' என்க

மார்ச் 23, 2023, வியாழன்
சென்னை, சட்டமன்ற உறுப்பினர் விடுதி

மே 7 அன்று ஆட்சிக்கு இரண்டு ஆண்டு நிறைவு. அதற்குள் தொகுதி மக்களுக்கு ஓர் அறிக்கை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று உதவியாளர் ஒரு மாதமாக நச்சரிக்கிறார். சாலை, பாலம், பள்ளிக் கட்டடம் எல்லாம் படத்தோடு தயார். 'பேரவையில் என்ன செய்தார்' என்ற பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காகவே இந்தக் குறிப்புகள். அன்றன்றைக்கு எழுதிப் போட்டுவிட்டால் பிறகு மெருகேற்றத் தோன்றாது.

இன்று ஒரே சட்டமுன்வடிவை இரண்டாம் முறை நிறைவேற்றினோம். இணையவழிச் சூதாட்டத் தடைக்கானது. போன ஆண்டு அக்டோபர் 19 அன்று நிறைவேற்றி அனுப்பியதை ஆளுநர் இம்மாதம் 8ஆம் தேதி திருப்பி அனுப்பினார். அரசமைப்பின் 200ஆவது பிரிவுப்படி, திரும்பி வந்ததைப் பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தர மறுக்க முடியாது. கட்சி வேறுபாடின்றி எல்லோரும் ஆதரித்தார்கள். இப்படி ஒருமனதாக அமையும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

விளையாடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். நடத்துகிற நிறுவனத்துக்கு 3 ஆண்டு வரை, 10 லட்சம் வரை. விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. நம் ஊரில் டிராக்டர் பழுதுபார்க்கும் ஒருவர் மனைவியின் தாலிச்சங்கிலி வரை ரம்மியில் விட்டார். அந்தப் பெண் என்னிடம் கேட்டது சட்டமல்ல. "அந்தப் போனைப் பிடுங்கித் தருவீர்களா ஐயா?" என்றுதான் கேட்டார்.

ஏப்ரல் 5, புதன்

நிலக்கரி. ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய பெயர்களைக் கண்டதிலிருந்து என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. வடசேரி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. நெல்லுக்கு அடியில் நிலக்கரி இருப்பது நம் குற்றமா என்று ஒரு பெரியவர் கேட்டார்.

பேரவையில் முதலமைச்சர் ஸ்டாலின், தானும் டெல்டாக்காரன்தான் என்றும் இதை ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம் என்றும் சொன்னார். மேசையைத் தட்டியவர்களில் நானும் உண்டு, கை சிவக்கும் வரை.

ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். இன்று நாங்கள் கையில் எடுத்துப் பேசிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில் முந்தைய ஆட்சி கொண்டுவந்தது. அது எங்கள் சாதனையல்ல. அறிக்கையில் அதை எங்கள் கணக்கில் எழுதக்கூடாது என்று உதவியாளரிடம் சொன்னேன். "யார் கேட்கப்போகிறார்கள்?" என்றார். நான் கேட்பேன்.

ஏப்ரல் 8, சனி

மூன்று சுரங்கங்களும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கம் என்று ஒன்றிய அமைச்சர் அறிவித்துவிட்டார். ஊரில் வெடி வெடித்தார்கள். யார் காரணம் என்று எல்லாக் கட்சியும் சுவரொட்டி ஒட்டியாயிற்று. ஒட்ட இடமில்லாமல் ஒருவர் நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நாளை அதைக் கிழிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் கட்சிக்காரர்தான்.

ஏப்ரல் 10, திங்கள்

சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஒப்புதலுக்குக் காலவரம்பு விதிக்க வேண்டும் என்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியதும் இன்றுதான். அறிக்கையில் முதல் வரி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 12, புதன்

சில சட்டமுன்வடிவுகள் அறிமுகம். தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் அதில் ஒன்று. மெல்லியதாக இருந்தது. பையில் வைத்தேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு
தொகுதி

மனு வாங்கும் நாள். உளுந்துக்கு விலை, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை. ஒருவர் தன் மைத்துனரைத் திட்டி எழுதிய மனுவைக் கொடுத்தார். மைத்துனர் அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தார், அவர் கையிலும் ஒரு மனு.

ஏப்ரல் 21, வெள்ளி
சென்னை

கூட்டத்தொடரின் கடைசி நாள். வெளியூர்க்காரர்களுக்கு மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரம். சட்டமுன்வடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேரவைத் தலைவர் சொல்லும் வாசகம் பழகிய காதுக்குத் தாலாட்டு மாதிரி: ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க. 'ஆம்' என்போர் அதிகம். நிறைவேறியது.

தொழிற்சாலைகள் திருத்தம் வந்தபோது மட்டும் தாலாட்டு நின்றது. ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிவிடுவது அது. எதிர்த்துப் பேசியவர்கள் எங்கள் கூட்டணிக் கட்சிக்காரர்கள். பேசிவிட்டு வெளிநடப்பும் செய்தார்கள். விருப்பமுள்ள தொழிலாளர்களுக்கு மட்டும்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, மீதி நாள்கள் விடுமுறை என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். அண்டையில் கர்நாடகம் பிப்ரவரியிலேயே இப்படி ஒரு திருத்தம் செய்துவிட்டது. முதலீடு வரவேண்டுமே.

நான் 'ஆம்' என்றேன். கொறடா சொன்னார் என்பதற்காக மட்டும் அல்ல. நமது நெல் விளையும் தொகுதி. பெரிய தொழிற்சாலை ஒன்றுகூடக் கிடையாது. நம்மை இது தொடாது என்று நினைத்தேன்.

ஏப்ரல் 22, சனி

ரயிலிலிருந்து இறங்கும் முன்பே அழைப்பு. போன மாதம் மகனுக்குக் கல்லூரிச் சேர்க்கை கேட்டு வந்த அம்மா. நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர். மூத்த பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்; அங்கேயே விடுதியில் தங்கல்.

"தம்பி, டி.வி.யில் பன்னிரண்டு மணி நேரம் என்கிறார்களே, அது பஸ் நேரத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். விடுதியிலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். திரும்பும்போது எல்லோரும் ஏறும்வரை பஸ் நிற்கும். எட்டு மணி நேர வேலைக்கே பெண் பதினொன்றரை மணி நேரம் வெளியில் இருக்கிறாள். பன்னிரண்டு என்றால் விடுதிக்கு வந்து குளிப்பாளா, சாப்பிடுவாளா, தூங்குவாளா?

"பார்த்துச் சொல்கிறேன் அக்கா" என்றேன். பார்க்காமல் 'ஆம்' சொன்னவன் இனிப் பார்த்து என்ன சொல்வது!

இந்த ஊரிலிருந்து எத்தனை பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள் என்று ஊராட்சித் தலைவரிடம் கேட்டேன். தெரு தெருவாகச் சொல்லத் தொடங்கினார். நான்காவது தெருவில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தொழிற்சாலை இல்லாத தொகுதிதான். தொழிலாளர் இல்லாத தொகுதி அல்ல.

ஏப்ரல் 23, ஞாயிறு, இரவு

பையிலிருந்த சட்டமுன்வடிவை எடுத்தேன். புதிதாக 65-ஏ என்று ஒரு பிரிவு. எந்தத் தொழிற்சாலைக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். அன்றைக்குப் பேரவையில் இந்த எண்கள் எனக்கு வெறும் எண்களாகவே இருந்தன. பஸ் எண்களுக்கும் அவற்றுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

வழக்கறிஞர் நண்பர் வீட்டிலிருந்து 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப் புத்தகத்தை வாங்கிவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 51: வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. 52: வார விடுமுறை. 54: ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான். 55: தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு. 56: ஓய்வையும் சேர்த்து ஆளை ஆலைக்குள் வைத்திருக்கும் நேரம் பத்தரை மணியைத் தாண்டக்கூடாது. 59: கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி.

ஆறு எண்கள். ஒரு தொழிலாளியின் நாள் முழுவதும் இந்த ஆறுக்குள் இருக்கிறது. அமைச்சர்கள் தந்த உறுதிமொழியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உறுதிமொழி பேரவைக் குறிப்பேட்டில் இருக்கும். பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கும். ஆய்வாளர் எதைப் புரட்டுவார்?

இதே பேரவையில் 2021 செப்டம்பரில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று ஒரு திருத்தம் செய்தோம். கும்பகோணம் துணிக்கடைகளில் கால் வீங்க நின்ற பெண்களை நினைத்து மனமார 'ஆம்' சொன்னேன். அன்றைக்கும் ஒரே சொல், இன்றைக்கும் ஒரே சொல். குரலில் வித்தியாசம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை என்றே நினைக்கிறேன்.

பஸ் நேரம் பற்றி அந்த ஆறு பிரிவுகளில் எதிலும் இல்லை. அக்காவின் கேள்விக்கு 1948லும் பதில் இல்லை.

ஏப்ரல் 24, திங்கள்

தொழிற்சங்கங்களோடு அமைச்சர்கள் பேசினார்கள். மாலையில், சட்டமுன்வடிவின் மீதான மேல்நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நிறைவேறி மூன்றே நாள். அக்காவுக்குச் சொன்னேன். "நிறுத்திவைப்பது என்றால் மறுபடியும் எடுப்பார்களா?" என்றார். நல்ல கேள்வியாகவே கேட்டுத் தொலைக்கிறார்.

உதவியாளருக்கு நிம்மதி. "அப்படியானால் அறிக்கையில் இதைப் பற்றி எழுதவே வேண்டாம் ஐயா."

மே 1, திங்கள்

தொழிலாளர் நாள் கிராம சபை. ஆலமரத்தடியில் ஷாமியானா, பாதிப் பேர் வெயிலில். வரவுசெலவு வாசித்து முடிப்பதற்குள் செய்தி வந்துவிட்டது: சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்திருக்கிறார். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றி இன்றோடு நூறு ஆண்டு. எட்டு மணி நேரத்துக்காக வந்த நாள் இது. என் கட்சித் தோழர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பத்து நாளில் இரண்டு பக்கமும் தட்டியாயிற்று.

அக்கா முன்வரிசையில் இருந்தார். எழுந்து நேராகவே கேட்டார்: "நீங்கள் அன்றைக்கு வேண்டும் என்றீர்களா, வேண்டாம் என்றீர்களா?"

கூட்டம் சிரித்தது. உதவியாளர் என் சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது.

"வேண்டும் என்றேன் அக்கா. படிக்காமல் சொன்னேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். குடிநீர்த் தொட்டிப் பேச்சு தொடங்கியது.

முடியும் நேரத்தில் பச்சைத் துண்டு போட்ட விவசாயி ஒருவர் ஒதுக்கி அழைத்தார். "அது போகட்டும். அதே நாளில் நில ஒருங்கிணைப்பு என்று ஒன்றையும் நிறைவேற்றினீர்களாமே. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் உள்ளே இருக்கும் ஏரி, வாய்க்கால் எல்லாம் என்ன ஆகும்?"

அதற்கும் 'ஆம்' சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கைப் பக்கத்தை எழுதினேன். சூதாட்டத் தடை, கடை ஊழியர் இருக்கை, அதற்குக் கீழே: 'ஏப்ரல் 21, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். ஆதரித்து வாக்களித்தேன். மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது.' சாதனைப் பட்டியலில் இது எதற்கு என்று உதவியாளர் வாதாடினார். 'சாதனை' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'கணக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போயிருக்கிறார், காலையில் சரியாகிவிடுவார்.

நில ஒருங்கிணைப்புக்கு இன்னும் வரி எழுதவில்லை. அச்சகத்தில் நாளை மாலை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். மணி பதினொன்று. சட்டமுன்வடிவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.