மூன்று சோறு தள்ளி வந்த நிலா

நேற்று ராத்திரி அம்மாவைப் பட்டினி போட்டவன் நான்தான் என்று மலேசியாவில் எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்கப் பேச்சு. முழுக்க என்றால், பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக்குக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் சுங்கை சிப்புட் பசார் வரைக்கும் தெரிந்த மாதிரிதான்.

நேற்று சங்கடஹர சதுர்த்தி. அம்மாவுக்குக் காலையிலிருந்து வெறும் கோப்பி. சாயந்திரம் குளித்து, கொழுக்கட்டை அவித்து, சுண்டல் தாளித்து, அருகம்புல் கிள்ளி வைத்து, எல்லாம் தயார். நிலா மட்டும்தான் வரவேண்டும். நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் வாயில் எதையும் வைப்பார். இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தால் இதே அம்மா ஜன்னல் துணியை இழுத்து மூடி, ‘நாலாம் பிறையைப் பார்த்தா நாய் படாத பாடு’ என்று எங்களை வெளியே விடமாட்டார். நிலா பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்துச் சாபம் வாங்கிய கதை. அதே பிள்ளையார், அதே நிலா. வளர்பிறை நாலில் பார்த்தால் குற்றம், தேய்பிறை நாலில் பார்க்காவிட்டால் சோறு கிடையாது. கேட்டால் “அது வேற, இது வேற” என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா கப்பலேறி வந்தபோது விட்டுவிட்டு வந்த சொந்தமெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் முளைத்திருக்கிறது அல்லவா? அதில் ஒரு திருச்சி அத்தை. மாதாமாதம் பிள்ளையார் படத்தோடு நேரம் அனுப்பிவிடுவார். நேற்று வந்தது: ‘சந்திர உதயம் இரவு 8.52.’

எட்டரைக்கே அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. 8.52 ஆனது. கிழக்கே மலை கறுப்பாக நின்றது. ஒன்பது அடித்தது. மலை மட்டும்தான் நின்றது.

“ஏன்டா தம்பி, அத்தை சொன்ன நேரம் தாண்டிருச்சே?”

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். படித்தவன் இல்லையா! “அம்மா, அது இந்தியா நேரம். நமக்கு ரெண்டரை மணி நேரம் கூட்டணும். 11.22க்குத்தான் வரும்.”

அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. போன மாதம் இவ்வளவு தாமதமில்லையே என்றார். பிறகு விரலை மடக்க ஆரம்பித்தார். “பௌர்ணமிக்கு விளக்கு வைக்கிற நேரத்துல வந்துச்சு. அதுக்கப்புறம் தினம் ஒரு சோறு தள்ளி வரும். இன்னைக்கு மூணாவது சோறு. பத்துக்குள்ள வரணுமே.”

அது என்ன சோறு என்றால், ரப்பர்த் தோட்டத்தில் விறகடுப்பில் உலை வைத்து, அரிசி போட்டு, வடித்து இறக்குகிற நேரம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் யாரிடம் கடிகாரம் இருந்தது? நான் சிரித்தேன். “இதெல்லாம் கணக்கும்மா, சோறு இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். இந்த வாக்கியத்தை எனக்கு எதிராக இனி எத்தனை வருஷம் எடுத்துக் காட்டுவார் என்பது அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

பத்து பத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம். “அக்கா! நிலா வந்தாச்சு லா! இன்னும் சாப்பிடல?”

மக்சிக் நம் லயத்தில் வளர்ந்தவர், தமிழில் என்னைவிடச் சுத்தமாகத் திட்டுவார். அவர் வீடு கோடி வீடு, கிழக்கே மறைப்பே கிடையாது. எங்களுக்குத்தான் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அம்மா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினார், நான் பின்னாலேயே. அங்கே மலைக்கு மேலே, செம்பனை மட்டைகளுக்கு நடுவே, கோப்பி நிறத்தில் நின்றது. உச்சந்தலை மட்டும் லேசாக நசுங்கல், பிள்ளையாரிடம் இப்போதுதான் குட்டு வாங்கிய மாதிரி. மலை இல்லாவிட்டால் இன்னும் இருபது நிமிஷம் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஆக ஒன்பதே முக்கால், ஒன்பது ஐம்பது. மூன்று சோறு!

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கற்பூரத்தைக் காட்டினார், கொழுக்கட்டையைப் பிட்டு வாயில் போட்டார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ராத்திரி தூக்கம் வராமல் எங்கே தப்பு என்று தேடினேன். கடிகாரம் கடிகாரம்தான், பூமி பூமிதான். திருச்சிக்கும் நமக்கும் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 22 பாகை தூரம். பூமி சுழல பாகைக்கு நாலு நிமிஷம் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். நம் நிலா அவர்கள் நிலாவுக்கு அவ்வளவு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது. ஆனால் கடிகாரங்களுக்குள் வித்தியாசம் இரண்டரை மணி. அதில் இந்த ஒன்றரையைக் கழித்தால் அத்தை நேரத்தோடு ஒரு மணிதான் கூட்டணும், 9.52. நம் கடிகாரம் சூரியனை விட்டு முன்னால் ஓடுகிறது. இந்த ஊரில் உச்சி வெயில் ஒன்றேகால் வாக்கில்தானே வருகிறது? 1982 ஜனவரி 1 அன்று சபா, சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்பத்தில் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். காலையில் இதை அம்மாவிடம் சொன்னேன், சமாதானம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

“தெரியும்டா. நாங்கதான அதுல விடியக்காலைப் பெரட்டுக்கு, வரிசையில நின்னு பேர் குடுக்கப் போனோம். மணியைத்தான் தள்ளினாங்க, சூரியன் வழக்கம்போலத்தான் எழுந்துச்சு. விடியற மாதிரி இருக்கும், விடியாது.”

அப்புறம்தான் கதை வேறு பக்கம் திரும்பியது. அம்மாவுக்கு வளர்பிறை பிடிக்காதாம். இத்தனை வயதில் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எல்லாரும் கல்யாணத்துக்கும் கடை திறக்கவும் வளர்பிறை தேடுகிறோம். மூன்றாம் பிறை பார்த்தால் அம்மாவே சங்கிலியைத் தொட்டுக் கும்பிடுகிறார். மக்சிக் வீட்டில் நோன்பு முடிகிறதா என்று மேற்கே அதே பிறைக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

“அது சோம்பேறி நிலாடா. சாயந்திரம் மினுக்கிக்கிட்டு நிக்கும், நம்ம எந்திரிக்கிறதுக்குள்ள படுத்துடும். ரப்பர் பால் வெட்டுறவளுக்கு அதனால என்ன பிரயோஜனம்? பௌர்ணமி தாண்டுனாத்தான் நமக்கு. விடியக்காலம் மேக்க நிக்கும். எட்டாம் நாள் ஒம்பதாம் நாள்னா கிட்டத்தட்ட தலைக்கு மேல. மரத்துல வெட்டுற கோடு தெரியும், பால் மங்கு தெரியும், பாம்பு கெடந்தாத் தெரியும். அமாவாசை கிட்ட வந்துட்டா நெத்தி விளக்குதான். உங்கப்பா முன்னால போவாரு, நான் அவரு வெளிச்சத்தைப் பாத்து நடப்பேன்.”

நேற்று 11.22க்குச் சரியாகத் திருச்சி அத்தையிடமிருந்து நிலா படம் வந்திருந்தது, வடையோடு. அம்மா அப்போது குறட்டை.

இதையெல்லாம் அம்மா சொன்னபோது காலை ஆறு மணி. நான் ஈப்போ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் நின்ற வாசலுக்கு மேலே, மேற்கே சாய்ந்து, நிலா இன்னும் நல்ல உயரத்தில் இருந்தது, வெளுத்துப்போய். அம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

“இன்னும் வேலை முடியல அதுக்கு.”

மேசை மேல் மிஞ்சிய கொழுக்கட்டை ஆறு இருந்தது. எனக்கு இரண்டு கட்டியிருந்தார். மீதி நாலும் நிலாவைக் கண்டுபிடித்துச் சொன்ன மக்சிக்குக்காம்.