பதிமூன்றாம் பிரிவில் வழுக்கி விழுந்தவன் எழுதுவது

சட்டப்படிப்பில் எனக்கு விழுந்த ஒரே அரியர் அரசியலமைப்புச் சட்டத்தில்தான். நீதிப் புனராய்வு, அதாவது அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம், எங்கிருந்து வந்தது என்று ஒரு பெரிய கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மார்பரி எதிர் மேடிசன் வழக்கு, 1803, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், பதிமூன்றாம் பிரிவு செல்லாது என்று மடமடவென்று எழுதினேன். அந்தப் பதிமூன்றை நம் அரசியலமைப்பின் 13-வது உறுப்பு என்று நினைத்து ஒரு பக்கம் விளக்கம் வேறு. அங்கே செல்லாமல் போனது 1789-ஆம் ஆண்டு அமெரிக்க நீதித்துறைச் சட்டத்தின் 13-வது பிரிவு! திருத்தியவர் சிரித்திருப்பார்.

மறுபடி எழுத உட்கார்ந்தபோது வழக்கை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று சாயங்காலம் மார்ஷலின் வாழ்க்கையை மட்டும் படித்தேன். அரியர் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுதான்.

1755-இல் வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் பிறந்தவர். பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர். விடுதலைப் போரில் வாஷிங்டனின் படையில் இருந்து, வேலி ஃபோர்ஜ் முகாமின் குளிரையும் பசியையும் அனுபவித்தவர். மாகாணங்கள் பணம் தராமல் இழுத்தடிக்க, படைவீரன் செருப்பில்லாமல் நின்றான். வலுவான மத்திய அரசு வேண்டும் என்ற பிடிவாதம் இவருக்கு வந்த இடம் இது. 1819-இல் மெக்கல்லக் வழக்கில் மத்திய வங்கிக்கு மேரிலாந்து வரி போட முடியாது என்று அவர் தீர்ப்பளித்ததை நான் தனியாக மனப்பாடம் செய்யவே இல்லை. வேலி ஃபோர்ஜ் ஞாபகம் இருந்தால் தீர்ப்பு தானாக வரும்.

அவர் சட்டம் படித்த கதை நமக்கு ரொம்ப நெருக்கமானது. 1780-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித்திடம் சில வாரங்கள், அவ்வளவுதான் வகுப்பு. அவருடைய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. அதில் சட்டக் குறிப்புகளுக்கு நடுவே ‘பாலி’, ‘பாலி ஆம்ப்ளர்’ என்று கிறுக்கி வைத்திருக்கிறார். 1783-இல் அந்தப் பாலியையே கல்யாணமும் செய்துகொண்டார். என் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது.

சரி, வழக்குக்கு வருவோம். 1800 தேர்தலில் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் தோற்றார். பதவி போவதற்குள் தம் ஆட்களை நீதிபதிகளாக நியமிக்க அவசரப்பட்டார். அப்போது வெளியுறவுச் செயலர் யார்? மார்ஷல்தான். 1801 பிப்ரவரியிலேயே தலைமை நீதிபதியாகிவிட்டார். ஆனாலும் மார்ச் 4 வரை இரண்டு நாற்காலியிலும் அவரே. நியமன ஆணைகளில் முத்திரை குத்தியவர் அவர், சிலவற்றைக் கொண்டுசேர்க்காமல் விட்டதும் அவர் அலுவலகம். அப்படித் தங்கிப்போன ஆணைகளில் ஒன்று வில்லியம் மார்பரியுடையது. அடுத்து அதிபராக வந்த ஜெஃபர்சன் கொடுக்காதே என்றார். அவருடைய செயலர் மேடிசன் கொடுக்கவில்லை. மார்பரி நேரே உச்ச நீதிமன்றத்தில் மாண்டமஸ் (கடமையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் ஆணை) கேட்டார். தான் கோட்டைவிட்ட ஆணைக்கான வழக்கைத் தானே விசாரித்தார் மார்ஷல். இன்றைக்கு என்றால் எந்த நீதிபதியும் விலகியிருக்க வேண்டும். இதை ஒரு வரியாக எழுதுங்கள், பலர் எழுதுவதில்லை.

தீர்ப்பை மூன்று கேள்வியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு. சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. இந்த நீதிமன்றம் அதைத் தர முடியுமா? முடியாது. ஏனென்றால் பதிமூன்றாம் பிரிவு தரும் அந்த முதலேற்பு அதிகாரத்தை, அதாவது இப்படி ஒரு வழக்கை நேரடியாக முதலிலேயே விசாரிக்கும் அதிகாரத்தை, அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பு தரவில்லை. ஆகவே அந்தப் பிரிவே செல்லாது. ஜெஃபர்சன் மீறுவதற்கு ஆணை என்று எதுவுமே இல்லை. வழக்கில் ஜெயித்தது அவர் தரப்பு, அதிகாரம் போய்ச் சேர்ந்தது நீதிமன்றத்துக்கு. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதை அவர் 1803-இல் திடீரென்று கண்டுபிடித்ததாக நோட்ஸ்களில் இருக்கும். அப்படியில்லை. 1788-இல், புதிய அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய வர்ஜீனியா ஒப்புதல் மாநாட்டிலேயே, வரம்பு மீறிய சட்டத்தை நீதிபதிகள் செல்லாது என்பார்கள் என்று பேசியிருக்கிறார். விடையில் இதைச் சேர்த்தால் எடுப்பாக இருக்கும். அப்புறம், மனிதரைத் தெய்வமாக்கியும் எழுதாதீர்கள். அவர் அடிமைகளை வைத்திருந்தவர். நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை அந்த நீதிமன்றம் அடுத்த முறை ரத்து செய்தது 1857-இல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். அதுவும் அடிமை முறைக்குச் சாதகமாக.

இரண்டாம் முறை தேர்வு அறையில் ‘13’ என்று எழுத வந்ததும் பேனாவை நிறுத்தினேன். ‘நீதித்துறைச் சட்டம், 1789’ என்று முன்னால் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.