75 கிராம் குல்லா: கம்பளிப் பின்னல் தொழிலின் நுணுக்கங்கள்

ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் குல்லாவையும் மஃப்ளரையும் 'உல்லன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அவற்றில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் குற்றம் எதுவும் இல்லை. விலை குறைவு, வாஷிங் மெஷினில் போடலாம், மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும். ஆனால் கையால் பின்னி விற்க நினைப்பவர் அந்த விலையோடு மோதவே கூடாது. ஒரு குல்லாவுக்கு 7 மணி நேரம் கை உழைப்பு போகிறது. அவ்வளவு உழைப்புக்கு ஒரே நியாயம்தான் உண்டு: அது பல வருஷம் தாங்க வேண்டும், ஓட்டை விழுந்தால் சரிசெய்து திரும்பப் போட முடிய வேண்டும். நூல் வாங்குவதிலிருந்து விலை போடுவது வரை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில் நூல் கம்பளிதானா என்று பார்த்துவிடுங்கள். லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்துப் பற்ற வையுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை விலக்கினால் தானே அணையும், முடி கருகும் வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகும், ஆறியதும் கறுப்பு மணி போலக் கெட்டியாக நிற்கும். கலப்பு நூலில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், ஏனென்றால் அதிலும் முடி வாடை வரும். அதற்குக் காற்றோட்டமான இடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் குளோரின் பிளீச் ஊற்றி, துண்டு நூலை இரவு முழுக்க ஊறவிடுங்கள். கம்பளி முழுதும் கரைந்துவிடும். காலையில் மிச்சமாக நிற்பது வேறு இழை.

அடுத்தது முறுக்கு. தொட்டதும் பஞ்சு போல அமுங்கும் நூலைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும், கடையில் அதுதான் முதலில் விலைபோகும். பெரும்பாலும் அது ஒற்றைப் புரி, முறுக்குக் குறைந்த நூல். இழைகளைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால், பை வார் உரசும் இடத்திலும் காதோரத்திலும் ஒரே மாதத்தில் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டுவிடும். மூன்று அல்லது நான்கு புரி, இறுக்கமான முறுக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஜாண் நூலை எடுத்து எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்தால் புரிகளை எண்ணிவிடலாம். பிரித்த புரியில் ஒன்றை மெல்ல இழுங்கள். உடனே நழுவிப் பிரிந்தால் இழை குட்டை அல்லது முறுக்குப் போதாது.

இழையின் பருமனையும் கேளுங்கள், அதை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வார்கள். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழை கழுத்தில் குத்தும். மஃப்ளருக்கும் குல்லாவுக்கும் 21 மைக்ரானுக்கு உட்பட்ட மெரினோ (மென்கம்பளி ஆட்டு இனம்) நூல் நல்லது. கையுறையின் வெளிப்பக்கத்துக்கு 24, 25 இருந்தாலும் பரவாயில்லை, தேய்மானத்தைத் தாங்குவதில் அது மேலானது. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரில், மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். மென்கம்பளி ஆடு நம் மலையிலேயே மேய்கிறது, ஆனால் கைக்குக் கிடைக்கும் நூல் பெரும்பாலும் லூதியானா வழியாகத்தான் வருகிறது. இது மாறினால் இங்குள்ள பின்னல்காரர்களுக்குப் பெரிய விடிவாக இருக்கும்.

நிறம் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) ஒன்றாக உள்ள நூல் சிட்டங்களை மொத்தமாக வாங்குங்கள், பிறகு தேடினால் அதே பச்சை கிடைக்காது. சிவப்பு, அடர் நீலம், கறுப்பு மூன்றையும் பின்னுவதற்கு முன்பே சோதியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். துணியில் கறை இறங்கினால் வெள்ளையோடு அதைச் சேர்த்துப் பின்னாதீர்கள்.

நீண்ட நாள் உழைப்பது பெரும்பாலும் பின்னலின் அடர்த்தியில்தான் இருக்கிறது. டிகே எனப்படும் நடுத்தரப் பருமன் நூலின் லேபிளில் 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) என்று போட்டிருக்கும். குல்லாவுக்கு 3.5 மி.மீ. வட்ட ஊசியில் 24 கண்ணி வரும்படி பின்னுங்கள். தளர்வான பின்னலில் இழைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், உருண்டை திரள்வதும் தொய்வதும் அதனால்தான். அதற்காக 28 கண்ணிக்கு இறுக்கினால் துணி அட்டை மாதிரி விறைத்துவிடும், பின்னுகிறவர் மணிக்கட்டும் போய்விடும்.

56 செ.மீ. தலைக்குக் குல்லாவின் சுற்றளவு 50 செ.மீ. இருந்தால் கச்சிதமாக நிற்கும். 24 கண்ணி வீதம் 120 கண்ணி. இதே 120 கண்ணியைக் கொஞ்சம் தளர்ந்த கைக்காரர் 23 வீதம் பின்னினால் சுற்றளவு 52 செ.மீ.ஆகும். 22 என்றால் 54.5, அந்தக் குல்லா கண்ணை மறைக்கும். நாலு பேருக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்றால் நாலு பேருக்கும் ஒரே ஊசியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரையும் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னச் சொல்லி, அதைத் துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். இறுகிய கைக்கு 3.75, தளர்ந்த கைக்கு 3.25. கையை மாற்றச் சொன்னால் அரை மணி நேரத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

ஓரத்தை இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுகண்ணி) என மாறி மாறி வரும் ரிப்பாக (இழுத்தால் விரியும் வரிப் பின்னலாக) 12 செ.மீ. பின்னி மடியுங்கள். ஆரம்பக் கண்ணிகளை ஒரு சைஸ் பெரிய ஊசியில் ஏற்ற வேண்டும். பழைய குல்லாக்களில் முதலில் அறுவது இந்த விளிம்புதான், மாட்டும்போதெல்லாம் முழு இழுவையும் அதன் மேல் விழுகிறது. பிடித்து இழுத்தால் 60 செ.மீ. வரை தாராளமாக விரிய வேண்டும். உச்சிக்கு 120 கண்ணியை 15 வீதம் 8 பாகமாகப் பிரியுங்கள். பாகத்துக்கு 8 கண்ணி ஆகும்வரை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கண்ணிகளைக் குறையுங்கள், பிறகு ஒவ்வொரு சுற்றிலும். கடைசியில் மிஞ்சும் 8 கண்ணிக்குள் நூலை இரண்டு தடவை ஓட்டி இறுக்குங்கள். ஒரு தடவை மட்டும் ஓட்டியது சில மாதத்தில் வாய் திறந்துவிடும்.

நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடவே கூடாது. முடிச்சு நழுவும், இல்லையென்றால் பக்கத்து இழையை அறுக்கும். சாதாரணக் கம்பளியில் இரு முனைகளையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈரப்படுத்தி, உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் ஒட்டி ஒரே நூலாகிவிடும். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியில் இது நடக்காது, இழையின் செதில்களை மழுங்கடித்து மேலே பூச்சுப் போட்டிருப்பார்கள். அதில் 15 செ.மீ. வால் விட்டு, மூன்று திசையில் திரும்பித் திரும்பி ஊசியால் கோத்து மறைக்க வேண்டும். சூப்பர்வாஷ் நனைந்தால் நீளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முடித்த குல்லாவைத் தராசில் வையுங்கள். 72 முதல் 78 கிராமுக்குள் இருந்தால் சரி. 66 வந்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது உயரம் குறைந்திருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பளி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. பிப்ரவரியில் 75 கிராம் இருந்த குல்லா ஜூலை மூடுபனியில் 80 காட்டலாம். அதனால் சரியான அளவில் பின்னிய ஒரு குல்லாவை விற்காமல் அலமாரியிலேயே வைத்திருங்கள். எடை பார்க்கும் ஒவ்வொரு நாளும் முதலில் அந்தச் சாட்சிக் குல்லாவை எடை போட்டுவிட்டு, அதோடு மற்றதை ஒப்பிடுங்கள். கிலோ கணக்கில் நூல் வாங்கும்போதும் இதே கதைதான். மழைக்காலத்துக் கிலோவில் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீர், கம்பளிக்கான திரவ சோப்பு, 15 நிமிட ஊறல். கசக்கவே வேண்டாம். சாதாரண டிடர்ஜெண்ட் பலவற்றில் புரதத்தை அரிக்கும் என்சைம் இருக்கிறது, கம்பளி புரதம்தான். வலைப்பையில் போட்டு மெஷினில் வெறும் ஸ்பின் மட்டும் ஒரு நிமிடம் ஓட்டலாம். கம்பளியைச் சுருக்குவது மெஷின் குலுக்கிக் கசக்குவதுதான், ஸ்பின் சுழற்றல் இல்லை. பிறகு தட்டையாகப் பரப்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீண்டுவிடும். மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது காய மூன்று நாள்கூட ஆகலாம். ஆள் நடமாட்டம் குறைந்த அந்த மாதங்கள் பின்னுவதற்கு ஏற்றவை. ஆனால் கடைசி வாரம் எல்லாவற்றையும் சேர்த்துத் துவைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் வீடு முழுக்க ஈரக் கம்பளி வாடை அடிக்கும்.

விலைக் கணக்குக்கு வருவோம். 100 கிராம் நூல் 500 ரூபாய் என்று வையுங்கள். கழிவோடு சேர்த்து ஒரு குல்லாவுக்கு 400. பின்ன 7 மணி, மணிக்கு 80 வீதம் 560. துவைத்து முடிக்க 40, லேபிளும் பையும் 30, பின்னாளில் வரும் ரிப்பேருக்கு 50. ஆக 1,080. இதை 1,500க்கு விற்றால் 420 மிஞ்சுகிறது, நல்ல லாபம் என்று தோன்றும். ஒரு கடை 35 சதவீதம் கேட்டால் கைக்கு வருவது 975 மட்டுமே, குல்லாவுக்கு 105 ரூபாய் நஷ்டம். 1,800 என்று வைத்தால்தான் கடை வழியாகவும் 90 ரூபாய் மிஞ்சும். நேரில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று வைத்தால் கடைக்காரர் அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டார். பின்னுகிறவர் கூலியைக் குறைத்து விலையை இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கைதேர்ந்தவர் விட்டுப் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவரைப் பழக்க ஒரு சீசனே போய்விடும்.

மூன்று மாடல், நான்கு நிறம், மூன்று சைஸ் போதும். அதுவே 36 வகை ஆகிறது. நீலகிரியில் தொழில் செய்பவர்கள் தோடர் எம்பிராய்டரி வடிவங்களை எடுத்துக் குல்லாவில் பின்னுவதை நான் ஏற்கவில்லை. வெள்ளைத் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக அந்தப் பெண்கள் செய்யும் வேலைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அவர்களுடையது.

ஒவ்வொரு பொருளிலும் ஓர் எண்ணைத் தைத்து, நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நூல் லாட், ஊசி அளவு, பின்னியவர், தேதி, எடை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் 50 கிராம் தனியே ஒதுக்குங்கள். நாலு வருஷம் கழித்து ஓட்டையோடு வரும் குல்லாவுக்கு அதே பச்சை அப்போதுதான் கிடைக்கும். தேய்ந்து மெலிந்த இடம் என்றால் பின்னல் தடத்திலேயே ஊசியை ஓட்டி மேலே இன்னொரு நூல் இடலாம். ஓட்டை என்றால் சுற்றியுள்ள கண்ணிகளை ஊசியில் ஏற்றிப் புதிதாகப் பின்னி இணைக்க வேண்டும்.

ரிப்பேருக்கு வரும் பொருளை நேரே நூல் அலமாரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்துப்பூச்சி வீட்டுக்குள் நுழைய இதுவும் ஒரு வழி. துணியை அரிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. வேப்பிலையும் வசம்பும் பூச்சியை அண்டவிடாமல் ஓரளவு தடுக்கும், உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. பிளாஸ்டிக் கவரில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் கவரை ஒரு நாள் திறக்காமல் விடுங்கள், இல்லாவிட்டால் கம்பளி மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

வெந்நீரில் துவைத்துச் சுருங்கிய குல்லாவை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. விற்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அப்படி வந்ததைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சுருங்கி இறுகிய கம்பளியை எங்கே வெட்டினாலும் பிரியாது. கையுறையின் உள்ளங்கைக்கு ஒட்டுப் போட அதைவிட நல்ல துண்டு கிடைக்காது.