டி.என்.பி. விண்ணப்பம்: தியேட்டர் ரிஜிஸ்டரிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கல்விப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். பொது அறுவை சிகிச்சைத் துறையில் டி.என்.பி. என்ற முதுநிலை மருத்துவப் பயிற்சி தொடங்க அனுமதி கேட்டு, தேசியத் தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, கலந்தாய்வில் இடம் வாங்கி வருகிறவர்கள் மூன்று ஆண்டுகள் மருத்துவமனையிலேயே இருந்து படிக்கும் படிப்பு இது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் அந்த விண்ணப்பம் கேட்கிறது. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு பகுதி மருத்துவமனைக்கு, இன்னொன்று துறைக்கு. மருத்துவமனைப் பகுதி பெரும்பாலும் சான்றிதழ்கள்தான். தீயணைப்புத் துறையின் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல், மருத்துவக் கழிவு அனுமதி, எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வாங்கியிருக்க வேண்டிய மருத்துவமனைப் பதிவு. எது எப்போது காலாவதியாகிறது என்று முதலில் ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கிண்டிக்கும், மருத்துவமனைப் பதிவுக்காகத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்கும் போக வேண்டிய வேலைகள் நம் கையில் இல்லை. அவற்றை முன்கூட்டியே நகர்த்திவிட்டால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் நேரத்தையெல்லாம் வாங்கியது துறைப் பகுதி. முந்தைய ஆண்டுகளில் எத்தனை வெளிநோயாளிகள், எத்தனை உள்நோயாளிகள், பெரிய அறுவை எத்தனை, சிறிய அறுவை எத்தனை, எந்தெந்த நோய்கள் என்று கேட்பார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பில்லிங் மென்பொருள் ஒரு எண் சொன்னது, மருத்துவப் பதிவேடுகளைப் பராமரிக்கும் எம்.ஆர்.டி. பிரிவு வேறொரு எண் சொன்னது, அறுவை அரங்கில் நடப்பதைக் கையால் எழுதி வைக்கும் தியேட்டர் ரிஜிஸ்டர் மூன்றாவதாக ஒன்று சொன்னது. காரணம் தெரிந்தபோது யார் மீதும் கோபம் வரவில்லை. பில்லிங்கில் பேக்கேஜ் பெயர்தான் இருக்கும். ஒரே நோயாளிக்குக் குடலிறக்கமும் பித்தப்பையும் சேர்த்துச் செய்திருந்தால் அங்கே இரண்டு வரி, ரிஜிஸ்டரில் ஒரு வரி. எம்.ஆர்.டி.யில் நோய்களுக்கான சர்வதேசக் குறியீடான ஐ.சி.டி.யைப் போடுபவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பதைத்தான் போட முடியும். அதில் வெறும் 'வயிற்று வலி' என்று இருந்தால் அவர் என்ன செய்வார்?

தியேட்டர் சிஸ்டர் ஒருவர்தான் வழி காட்டினார். "சார், நோட்டுல இருக்கறதுதான் நிஜமா நடந்தது. அதை வச்சு மத்ததைச் சரி பாருங்க" என்றார். அப்படியே செய்தோம். ரிஜிஸ்டரின் ஒவ்வொரு வரியையும் உள்நோயாளிக்கான ஐ.பி. எண்ணை வைத்து கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டோம். சிஸ்டரின் கையெழுத்து புரியாத இடத்தில் அவரையே கூப்பிட்டுக் கேட்டோம். கடைசியில் கிடைத்த எண்ணிக்கை, பில்லிங் காட்டியதைவிடக் குறைவு. பெரிய எண்ணையே போடலாமே என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாரியம் அனுப்பும் மதிப்பீட்டாளர் நேரில் வந்து மூலப் பதிவேட்டைக் கேட்பார் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அந்த எண்ணை நம்பித்தான் ஒரு இளம் மருத்துவர் தன் மூன்று ஆண்டுகளை இங்கே கொண்டுவருகிறார். இல்லாத அறுவையில் அவரால் கை பழக முடியாது.

படுக்கை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மொத்தப் படுக்கைகளைச் சொன்னால் போதாது, பொதுப் படுக்கைகளைத் தனியாகக் காட்ட வேண்டும். பயிற்சி மருத்துவர் மேற்பார்வையில் எந்நேரமும் போய்ப் பார்க்கக்கூடிய நோயாளிகளின் படுக்கைகள் அவை. எங்களுக்கு இதில் கைகொடுத்தது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்த நோயாளிகளின் பதிவுகள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன் அனுமதி வாங்கிய ஆவணம் இருப்பதால், கேட்டால் உடனே எடுத்துக் காட்ட முடிந்தது.

அப்புறம் ஆசிரியர்கள். சென்னையில் காலையில் ஒரு மருத்துவமனை, மாலையில் இன்னொன்று என்று பார்க்கும் மருத்துவர்கள் நிறைய. ஒருவரை இரண்டு இடத்தில் முழுநேர ஆசிரியராகக் காட்ட முடியாது. எங்கள் மூத்த அறுவை நிபுணர் ஒருவரிடம் இதை நேராகவே கேட்டேன்: "டாக்டர், வேறெங்காவது உங்க பேரைக் கொடுத்திருக்கீங்களா?" அவர் தயங்காமல், "கொடுத்திருக்கேன். இங்க பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னா அங்க எழுதிக் கொடுத்து விலகிக்கறேன், கொஞ்சம் டைம் கொடுங்க" என்றார். அவர் விலகல் கடிதம் கையில் வந்த பிறகுதான் அவர் பெயரைச் சேர்த்தோம். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூடவே ஒவ்வொருவரின் மருத்துவக் கவுன்சில் பதிவும் நடப்பில் இருக்கிறதா, முதுகலைத் தகுதி அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எங்களில் இருவர் இதற்காகவே அரும்பாக்கத்தில் உள்ள கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் வந்தார்கள்.

ஆய்வேடு கட்டாயம் என்பதால் நெறிமுறைக் குழுவும் தயாராக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மனிதர்கள் சார்ந்த மருத்துவ ஆய்வுகளைப் பார்க்கும் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவரையும் இப்போதே பேசி வைத்துவிடுவது நல்லது.

எல்லாம் சேர்ந்த பிறகு இணையதளத்தில் ஏற்றும் வேலை சீக்கிரமே முடிந்தது. துறைத் தலைவரையும் மருத்துவக் கண்காணிப்பாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு திரையையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் சமர்ப்பித்தோம். மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியர் தியேட்டர் ரிஜிஸ்டரைக் கேட்டார், ஆங்காங்கே சில வரிகளைத் தொட்டு அந்தக் கேஸ் ஷீட்களை எடுக்கச் சொன்னார். எம்.ஆர்.டி. ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அனுமதி கிடைத்தது.

இப்போது மயக்கவியல் துறைக்கான வேலையில் இருக்கிறோம். இந்த முறை ரிஜிஸ்டரில் மயக்க மருந்தின் வகைக்கும் ஐ.பி. எண்ணுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுவிட்டோம். மாதக் கடைசியில் சிஸ்டரும் எம்.ஆர்.டி.யும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.